இயல் 7: திரைக்கு முன் காது

வேப்பூர்க் கூட்டுரோட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை நடத்தும் ஆசிரியரிடம் இன்று கருவிகளுக்குக் குறைவில்லை. பாடநூலில் விரைவுக் குறியீடு 2018 முதல் இருக்கிறது. ஸ்கேன் செய்தால் திக்‌ஷா தளத்தில் காணொலி ஓடும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2022 ஜூன் 13 அன்று எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது, குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும் கையேடுகளோடு மதிப்பீட்டுச் செயலியும் சேர்ந்தது. 2024-இல் 79,723 ஆசிரியர்களுக்கு ரூ.101.48 கோடியில் கைக்கணினி, ரூ.455.32 கோடியில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள். இவை ஒவ்வொன்றுக்கும் பயிற்சி நடந்தது. அந்தப் பயிற்சிகளில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு கேள்வியை இந்த இயல் எடுத்துக்கொள்கிறது: ஒரு குழந்தை தனியாக, வாய்விட்டு வாசிப்பதை ஒரு பெரியவர் வாரத்துக்கு எத்தனை நிமிடம் கேட்கிறார்? தொடக்க வாசிப்பில் தட்டுப்பாடு படத்துக்கும் ஒலிக்கும் அல்ல, கேட்கும் காதுக்குத்தான். ஆகவே தொழில்நுட்பப் பயிற்சி எதுவானாலும் அந்தக் காதுக்கு நேரம் மிச்சப்படுத்துகிறதா, அதன் கூர்மையைக் கூட்டுகிறதா என்ற அளவுகோலில்தான் அதை எடைபோட வேண்டும் என்பது இங்கே முன்வைக்கும் வாதம்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஈராசிரியர் பள்ளி ஒன்றில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் சேர்ந்து ஒரே அறையில் 24 குழந்தைகள். பாடம் நடக்கிறது, பாட்டு, கதை, எழுத்து அட்டை எல்லாம் உண்டு, எல்லாரும் சேர்ந்து உரக்கச் சொல்கிறார்கள். சேர்ந்து சொல்லும்போது நான்கு குழந்தைகள் உண்மையில் வாசிக்கும், பத்துக் குழந்தைகள் அரை நொடி பின்னால் எதிரொலிக்கும், மீதிப் பேர் வாயசைப்பார்கள். முன்னால் நிற்கும் ஆசிரியருக்கு வகுப்பே வாசிப்பதுபோல் கேட்கும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக 2 நிமிடம் கொடுத்தால் 48 நிமிடம் ஆகும்; ஒரே நாளில் அது நடக்காது. நாளுக்கு 8 குழந்தைகள் என்று பிரித்தால் 16 நிமிடம் போதும், மூன்று நாளில் எல்லாரும் வந்துவிடுவார்கள். இனிக் கேள்வி அந்த 16 நிமிடத்தில் மற்ற 16 பேர் என்ன செய்வார்கள் என்பதுதான். ஸ்மார்ட் போர்டுக்கும் கைக்கணினிக்கும் வேலை தொடங்குவது இந்த இடத்தில். கருவியைப் பாடம் நடத்த வைப்பதைவிட, ஆசிரியர் ஒரு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அறையை ஒழுங்காக வைத்திருக்கச் செய்வதே அதன் முதல் பயன்.

தமிழ் எழுத்து முறை இந்தக் காதை இன்னும் கட்டாயமாக்குகிறது. 247 எழுத்து என்று பயமுறுத்தினாலும், 12 உயிர், 18 மெய், உயிர்க்குறிகளின் ஒழுங்கு ஆகியவை பிடிபட்டால் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். சிக்கல் அந்த ஒழுங்கு பிசகும் இடங்களில் இருக்கிறது. ‘கெ’ என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. வாய்க்கு முதலில் வருவது ககரம். ‘கொ’ என்றால் கொம்பும் காலும் இருபுறமும் நிற்க, ஒலி ஒன்றே. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வேறுபாட்டில் ‘கொடு’ ‘கோடு’ ஆகும். புள்ளி எழுத்து ஒன்றைக் கவனிக்காவிட்டால் ‘பட்டம்’ படமாகிவிடும். ககரம் ஒன்றே கடல், அங்கே, அகல் என்ற சொற்களில் மூன்று விதமாக ஒலிக்கிறது. வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, புத்தகத்தில் அச்சான தமிழ் வேறு. இத்தனை கிளைகளில் எந்தக் கிளையில் இந்தக் குழந்தை சிக்கியிருக்கிறது என்பது, அது வாசிக்கும்போது கேட்டால்தான் தெரியும். ‘அ, அம்மா’ என்று திரையில் ஓடும் பாட்டு அதைச் சொல்லாது. பாட்டை முழுவதும் மனப்பாடமாகச் சொல்லும் குழந்தை ‘மாமா’ என்ற சொல்லைத் தனியே காட்டினால் திகைப்பது நம் ஆசிரியர்கள் அறியாத காட்சி அல்ல.

இது வெறும் ஊகமா என்று கேட்பவர்களுக்குக் கென்யாவைக் காட்டலாம். அங்கே கிசுமு பகுதியில் தொடக்க வாசிப்புத் திட்டம் ஒன்றை மூன்று வகையாகப் பிரித்துச் சோதித்தார்கள். முடிவு 2016-இல் வெளியானது. ஒரு தொகுதியில் பள்ளிகளைப் பார்வையிட்டு வழிகாட்டுபவர்களுக்குக் கைக்கணினி, இன்னொன்றில் ஆசிரியர்களுக்கு, மூன்றாவதில் குழந்தைகளுக்கே மின்வாசிப்புக் கருவி. மூன்றிலும் நல்ல பாடநூல், பாடத்திட்டக் குறிப்பு, ஆசிரியர் பயிற்சி ஆகியவை பொது. எந்த உதவியும் பெறாத பள்ளிகளைவிட மூன்று தொகுதிகளும் முன்னேறின. ஆனால் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. செலவைக் கணக்கிட்டபோது வழிகாட்டுபவர் கையில் கொடுத்த கருவியே சிக்கனம், ஏனென்றால் எண்ணிக்கை குறைவு. பிறகு வந்த நாடளாவிய தூசோமே திட்டம் அந்த வழியையே பிடித்துக்கொண்டது: வகுப்பைப் பார்க்க வருபவர் சில குழந்தைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கைக்கணினியில் குறித்து, அங்கேயே ஆசிரியரோடு பேசுவார். நம் ஊர் மொழியில் சொன்னால், வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநரின் கையிலுள்ள கருவிதான் கொடுத்த காசுக்கு அதிகம் உழைத்தது.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. குஜராத்தில் ஞானசாலா பள்ளிகளில் கணினிவழிக் கணிதப் பயிற்சியைப் பொருளியலாளர் லிண்டன் ஆராய்ந்தார். ஆசிரியர் நடத்தும் நேரத்தை எடுத்துக்கொண்டு கணினியைக் கொடுத்தபோது குழந்தைகள் பின்தங்கினார்கள்; அதையே பள்ளி முடிந்தபின் கூடுதலாகக் கொடுத்தபோது முன்னேறினார்கள். பாடம் கணிதம்தான், ஆனால் நல்ல ஆசிரியரின் நேரத்தைக் கருவி விழுங்கினால் நட்டம் என்ற செய்தி வாசிப்புக்கும் பொருந்தும், ஏன், இன்னும் கூடுதலாகவே பொருந்தும். பெரு நாட்டில் லட்சக்கணக்கில் மடிக்கணினிகளைக் குழந்தைகளுக்கு வழங்கினார்கள். 319 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-இல் சொன்ன முடிவு: மொழியிலும் கணிதத்திலும் மாற்றம் தென்படவில்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் மென்பொருள் இந்தியில் நல்ல பலன் தந்ததே என்று ஒருவர் குறுக்கிடலாம். தந்தது உண்மை, 2019-இல் வெளியான அந்த ஆய்வில் நாலரை மாதத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அது பள்ளி நேரத்துக்கு வெளியே இயங்கியது, ஒவ்வொரு பிள்ளையின் நிலைக்கும் ஏற்ப வினா கொடுத்தது, பக்கத்தில் சிறு குழுவாகக் கற்பிக்க ஆளும் இருந்தார். மேலும் அவர்கள் எழுத்துக் கூட்டத் தொடங்கும் ஆறு வயதுப் பிள்ளைகள் அல்லர்.

தமிழகத்தின் சொந்த அனுபவம் இன்னும் நெருக்கமானது. கொரோனா காலத்துக்குப் பின் கிராமப்புறத் தமிழகத்தில் சுமார் 19 ஆயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வாளர்கள் சிங், ரொமேரோ, முரளிதரன் ஆகியோர், 2021 டிசம்பரில் கண்ட பெரும் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் கணித்தார்கள். இல்லம் தேடிக் கல்வி என்பது என்ன? மாலையில் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ ஒரு தன்னார்வலர் சிறு கூட்டத்தோடு உட்கார்வது. கருவி அதில் துணைக்கு வந்ததுதான். அந்தத் துணையும் சுவாரஸ்யமானது. 2022 ஜூன் 1 முதல் 12 வரை, கூகுளின் ரீட் அலாங் செயலியைக் கொண்டு வாசிப்பு மாரத்தான் நடத்தினார்கள். 18 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் 263 கோடிச் சொற்களை வாசித்ததாக அரசு அறிவித்தது. தலைப்புச் செய்திக்கு ஏற்ற எண். வகுத்துப் பார்த்தால் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 120 சொற்கள், அதாவது இரண்டு மூன்று நிமிட வாசிப்பு. இதைக் குறை சொல்ல எழுதவில்லை. பல வகுப்பறைகளில் ஒரு குழந்தைக்கு அந்த இரண்டு நிமிடம்கூடத் தனியாகக் கிடைப்பதில்லை என்பதால்தான் அந்த எண் மதிப்புடையது.

அப்படியானால் செயலியே கேட்டுக்கொள்ளட்டுமே, ஆசிரியர் எதற்கு என்ற வலுவான மறுப்பு இங்கே எழும். வாசிக்கும் குரலைக் கேட்டு, தடுமாறினால் சொல்லைச் சொல்லித் தரும் செயலி சோர்வடையாது, சலித்துக்கொள்ளாது, கூச்சமுள்ள குழந்தை அதன் முன் துணிந்து வாய்திறக்கும். இந்த மூன்றும் சிறிய நன்மைகள் அல்ல. வாசிப்பின் அளவைக் கூட்டுவதற்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் பேச்சை அடையாளம் காணும் எந்த மென்பொருளும் எந்தெந்த வாய்களைக் கேட்டுப் பழகியதோ அந்த உச்சரிப்பையே சரியென எடுத்துக்கொள்ளும். ‘வாழை’யை ‘வாளை’ என்று சொல்லும் குழந்தை வாசிப்பில் தவறவில்லை. அதன் வீட்டு நாக்கு அப்படி. ‘மரத்தில்’ என்ற சொல்லை ‘மரம்’ என்று முடித்துவிட்டு நகரும் குழந்தை முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து ஊகிக்கிறது. அதுதான் கவலைப்பட வேண்டிய பிழை. முதலாவதைப் பிழையென்றும் இரண்டாவதைச் சரியென்றும் கருவி எண்ணக்கூடும். பிழையை எண்ணுவது வேறு, இன்ன காரணத்தால் வந்தது, நாளை இன்னதைச் சொல்லித்தர வேண்டும் என்று முடிவு செய்வது வேறு. பின்னது ஆசிரியரின் தொழில். பயிற்சி தேவைப்படுவதும் அதற்குத்தான்.

இப்போது பயிற்சியின் வடிவத்துக்கு வருவோம். நம் பயிற்சிகள் அருவிபோல் மேலிருந்து இறங்குகின்றன: மாநிலத்தில் கருத்தாளர்கள் கற்கிறார்கள், மாவட்டத்தில் வடலூர் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் வழியாக அது வட்டாரத்துக்கு வருகிறது, வட்டாரத்திலிருந்து நல்லூர் ஒன்றியத்து ஆசிரியரைச் சேர்கிறது. ஒவ்வொரு படியிலும் எளிதில் சொல்லக்கூடியது மட்டும் தப்பிப் பிழைக்கும். கடவுச்சொல், எந்தப் பொத்தான், எந்தத் தேதிக்குள் பதிவேற்ற வேண்டும் ஆகியவை எளிதில் சொல்லக்கூடியவை. ஒரு குழந்தையின் தடுமாற்றத்தைக் கேட்டு முடிவெடுப்பது பவர்பாயின்டில் அடங்காது. அது முதல் படியிலேயே சிந்திவிடும். தென்னாப்பிரிக்காவில் இதை நேரடியாக ஒப்பிட்டார்கள். ஒரு பகுதி ஆசிரியர்களுக்கு மையத்தில் கூட்டிப் பயிற்சி. இன்னொரு பகுதிக்கு அதே பாடத்திட்டத்தோடு வகுப்பறைக்கே வந்து வழிகாட்டுபவர். இரண்டாவது வகையில் குழந்தைகளின் வாசிப்பு முன்னேற்றம் ஏறக்குறைய இரு மடங்கு. வழிகாட்டுபவர் நேரில் வராமல் கைக்கணினி வழியாகவே வழிகாட்டினால் என்ன என்று இன்னோர் ஆய்வில் முயன்றார்கள். மூன்று ஆண்டு முடிவில் ஆங்கிலம் பேசும் திறன் கொஞ்சம் கூடியது, ஆங்கில வாசிப்பில் பலன் தெரியவில்லை, தாய்மொழி வாசிப்பு சற்றுப் பின்வாங்கியது. காணொலிக் கூட்டத்தில் எல்லாப் பயிற்சியையும் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த முடிவை ஒருமுறை உட்கார்ந்து படிப்பது நல்லது.

ஆகவே குறுவள மையக் கூட்டத்தில் கைக்கணினியைக் கையாளும் விதத்தை முதலில் கற்பிக்காதீர்கள். ஒரு நிமிட ஒலிப்பதிவோடு தொடங்குங்கள். மையத்துக்கு வரும் ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் வகுப்பிலிருந்து ஒரு குழந்தை வாசிப்பதைப் பதிவு செய்து வரட்டும். முகம் வேண்டாம், பெயர் வேண்டாம், குரல் போதும். பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு எடுத்ததாக இருக்க வேண்டும், வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது, கூட்டம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும். குழந்தை வாசித்த பத்தியின் நகலை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு ஒலியை ஓட விடுங்கள். தவறிய சொல்லுக்கு மேல் குழந்தை சொன்னதை எழுதட்டும். நின்ற இடத்தில் கோடு போடட்டும். திரும்ப வந்து தானே திருத்திக்கொண்ட இடத்தை வட்டமிடட்டும். பிறகு பக்கத்திலிருப்பவரின் தாளோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இருபது பேர் இருந்தால் இருபது தாளும் ஒன்றாக இருக்காது. அந்த வேறுபாடுதான் அன்றைய பாடம். மறுபடியும் ஓட்டுங்கள்; இம்முறை காது கூர்மையாகியிருக்கும். கடைசியாக ஒரே கேள்வி: நாளைக் காலை இந்தக் குழந்தைக்கு எதைச் சொல்லித்தருவீர்கள்? புள்ளியையா, கொம்பையா, சொல்லின் வாலையா? இதற்கு விடை வந்த பிறகு, அந்த விடைக்கு உதவும் செயலி, காணொலி, அட்டை எது என்று தேடினால் போதும். இந்த வரிசையில் போனால் பதிவு செய்வது, நிறுத்துவது, திரும்ப ஓட்டுவது, கோப்பை அழிப்பது எல்லாம் போகிற போக்கில் கைவந்துவிடும். தனி வகுப்பு தேவைப்படாது. ஓய்வுபெறும் வயதை நெருங்கும் ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பம் ஏறாது என்ற பேச்சும் இங்கே வலுவிழக்கும். குழந்தையின் பிழையை இனம் காண்பதில் அவர்கள்தான் அந்த அறையிலேயே தேர்ந்தவர்கள். பொத்தானை இளையவர் காட்டுவார், காதை மூத்தவர் காட்டுவார்.

திரையை எதற்குப் பயன்படுத்துவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது பெரிய புத்தகம். ஒரே கதைப் புத்தகத்தை 24 குழந்தைகள் எட்டிப் பார்க்க முடியாது. ஸ்மார்ட் போர்டில் எல்லாருக்கும் வரி தெரியும், விரல் ஓடும் இடம் தெரியும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இணையம் கிடைக்கும் இடத்தில் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். அசையும் படத்தைவிட அசையாத பக்கம் நல்லது, கண் எழுத்தில் நிற்கும். வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற நிலைப் புத்தகங்கள் பள்ளியில் இருந்தால், திரையில் ஒருமுறை சேர்ந்து பார்த்தபின் இணை இணையாகப் புத்தகத்துக்குப் போகச் சொல்லலாம். அந்த 16 நிமிடம் அப்படித்தான் கிடைக்கும். கைக்கணினியில் ஆசிரியர் தாமே பத்தி எழுதிப் பெரிய எழுத்தில் காட்டுவதும் பயிற்சியில் இருக்க வேண்டும். வேப்பூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. ஆடு, குட்டி, கயிறு, சந்தை, விலை என்று ஐந்து சொல்லில் நெடில், ஒற்று, உயிர்க்குறி எல்லாம் வந்துவிடுகின்றன. விருத்தாசலத்துப் பீங்கான் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்குச் சூளையும் களிமண்ணும் விளக்கம் வேண்டாத சொற்கள். ளகரத்தைக் காட்ட அவையே உதவும். மாநிலம் முழுமைக்கும் செய்த காணொலியால் இதைச் செய்ய முடியாது.

நேரம் இல்லை என்ற குறையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் செய்யும் பதிவும் செயலி மதிப்பீடும் கற்பிக்கும் நேரத்தைத் தின்கின்றன என்று ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. அதில் நியாயம் இருக்கிறது. பதிவேற்றுவதற்காகக் கேட்பது வேறு, கற்பிப்பதற்காகக் கேட்பது வேறு. முன்னது மேலே போகிறது, பின்னது குழந்தையிடம் திரும்புகிறது. இங்கே சொன்ன ஒலிப்பதிவும் தாளும் எந்தச் செயலியிலும் ஏற வேண்டியதில்லை. ஏற்றச் சொன்ன நாளிலிருந்து அவை கெட்டுப்போகும். 2007-08-இல் மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றல் கருவி எதுவுமின்றி அட்டையாலும் கற்றல் ஏணியாலும் ஆசிரியரைப் பாயில் குழந்தைகளோடு உட்கார வைத்தது. மின்சாரமே இல்லாமல் இது முடியும் என்பவர்கள் அதைச் சுட்டுவார்கள். முடியும்தான். அட்டை முடிந்ததா என்று பார்ப்பதே வேலையாகிப்போன வகுப்புகளில் அதுவும் பயனற்றுப்போனது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குத் திரை கெடுதல் என்று அஞ்சுபவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது: இந்த முறையில் கைக்கணினி பெரும்பாலும் ஆசிரியர் மடியில் இருக்கும்.

நாட்டில் அதிகம் பேசப்படும் வாசிப்புச் சோதனையான அசர், எழுத்து, சொல், பத்தி, கதை ஆகியவை அச்சிட்ட ஒரு தாளைக் கொண்டு, ஒரு குழந்தையின் எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்பதன் மூலம் நடக்கிறது. அதன்படி கிராமப்புறத் தமிழகத்தின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடிந்தவர்கள் 2022-இல் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. 2024-இல் சுமார் 12. ஏறுமுகம்தான், ஆனால் நூற்றுக்கு 88 பேர் அப்போதும் வாசிக்க முடியாத பக்கம் நின்றார்கள். அதனால் ஒன்றிய, மாவட்ட அதிகாரிகளிடம் கேட்டுக்கொள்வது இது: ஆசிரியர் பயிற்றுநர் மாதம் ஒருமுறையாவது ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு முழுக் காலைப் பொழுது இருக்கும்படி அவருடைய மற்ற வேலைகளைக் குறைத்துக் கொடுங்கள். அவர் கையில் ஒரு கைக்கணினியும் பத்து நகல் தாளும் இருந்தால் போதும். அன்றைக்கு எந்தப் படிவமும் கேட்காதீர்கள்.